கை படாத தண்ணீர்

"இந்த ஆத்துல என் கை படாம ஒரு சொட்டுத் தண்ணி கீழ போகாது."

ஆண்டியப்பன் இதைச் சொன்னது மூன்றாம் டிவிஷன் மாரியம்மன் கோயில் மண்டபத்தில், திருவிழாக் கூட்டத்தில், கடைசி வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டு. ஐம்பத்து நான்கு வயதில் அவர் பொது இடத்தில் பேசிய முதல் வாக்கியம் அதுதான். சொல்லிவிட்டு மூச்சு விட்டார். யாராவது கை தட்டுவார்கள் என்று சுற்றிப் பார்த்ததாகவும் சொல்கிறார்கள்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீடுகளில் விசாரித்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். "அவரா, கோலத்துல வேல" என்று சொல்லிவிட்டுக் கொழுந்துக் கூடையைச் சரிசெய்துகொள்வார்கள்.

மலாய் மொழியில் கோலம் என்றால் குளம். மலை ஊரான தானா ராத்தாவுக்குக் கீழே, சாலையில் போகிறவர் கண்ணில் படாதபடி மூங்கில் மறைத்த சரிவில், டவுனின் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற நிலையம் இருக்கிறது. ஆதியில் அது இரண்டு பெரிய குளங்கள்தான். பிறகு கான்கிரீட் தொட்டி, பம்பு, காற்றடிக்கும் மோட்டார் எல்லாம் வந்து சேர்ந்தன. பெயர் மட்டும் கோலமாகவே நின்றுவிட்டது. நின்றது நல்லதாகப் போயிற்று. "எங்க வீட்டுக்காரரு கோலத்துல வேல செய்றாரு" என்று அவர் மனைவி ஜெயா சொல்லும்போது, கேட்பவர் அவரவர் தகுதிக்கு ஏற்பப் புரிந்துகொள்ளலாம். சிலர் ஹோட்டல் நீச்சல் குளம் என்று எடுத்துக்கொண்டார்கள். இந்தக் குளிரில் எவன் நீச்சல் குளத்தில் இறங்குவான் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஈப்போவிலிருந்து வந்த ஜெயாவின் சித்தியோ, மாப்பிள்ளை வாசலில் கோலம் போடுகிற உத்தியோகத்தில் இருக்கிறார் என்று நம்பி, ஆம்பளைக்கு அரிசி மாவில் என்ன வேலை என்று ஒரு வருஷம் மனம் வருந்தினாள். உண்மை தெரிந்த பிறகு, மாவே பரவாயில்லை என்றாள்.

லயத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, தெரிய வருவது வேறு. வாளிக் கக்கூஸ் காலத்தில் வாளி தூக்கியவனுக்கு எஸ்டேட்டில் ஒரு பெயர் இருந்தது. வாளி போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெயரை மட்டும் சண்டைக்கு உதவும் என்று பத்திரமாக வைத்திருந்தார்கள். ஆண்டியப்பன் மேல் அதை வீசாமல் இருந்ததற்குக் காரணம், அவர் கோலம் என்கிற சொல்லுக்குப் பின்னால் ஒழுங்காக ஒளிந்துகொண்டிருந்ததுதான். கல்யாண வீட்டில் அவருக்குக் கடைசிப் பந்தி. குழந்தையைத் தூக்கிக் கொஞ்சக் கை நீட்டினால், "தூங்கப் போறான்" என்பார்கள். குழந்தை கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருக்கும். இந்த ஏற்பாட்டில் இரு தரப்பும் இருபத்தாறு வருஷம் சுமுகமாகவே இருந்தன.

அவருடைய வேலையோ, அரசர்கள் செய்ய வேண்டிய அளவுக்குப் பெரியது. வாரக் கடைசியில் கோலாலம்பூர்க் கார்கள் மலை ஏறுகின்றன. ஜனங்கள் கியா பார்மில் ஸ்ட்ராபெரி தின்கிறார்கள், பிரிஞ்சாங்கில் சந்தை சுற்றுகிறார்கள், தானா ராத்தாவுக்கு வந்து குளிருக்கு இதமாக, மேஜையிலேயே சூப்பு கொதிக்கிற ஸ்டீம்போட் சாப்பிடுகிறார்கள், அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். மறுநாள் காலை அத்தனையும் குழாய் வழியாக ஆண்டியப்பனைப் பார்க்க வருகின்றன. முதலில் இரும்புக் கம்பித் தடுப்பு. அதில் சிக்குகிற ஈர டிஷ்யூ, குழந்தைத் துணி, தலைமுடி எல்லாவற்றையும் அவர் வாரியால் இழுத்துப் போடுவார். ஒருமுறை ஒரு பல்செட்டு வந்தது. அதைக் கழுவி ஆபீஸ் ஜன்னலில் இரண்டு வாரம் வைத்திருந்தார். உரிமை கோரி யாரும் சிரித்துக்கொண்டு வரவில்லை.

அடுத்தது காற்றுத் தொட்டி. கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் அதில் கோடிக்கணக்கில் இருந்து அழுக்கைத் தின்கின்றன. ஆண்டியப்பன் அவற்றைப் பிள்ளைகள் என்பார். பள்ளி விடுமுறையில் ஸ்டீம்போட் எண்ணெய் அதிகம் வந்து, தொட்டியில் பழுப்பு நுரை கட்டினால், "பிள்ளைங்களுக்கு ஒடம்பு சரியில்ல" என்று சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து தெளியவைக்கும் தொட்டி, அதற்கப்புறம் மருந்து, கடைசியாக ஒரு சிமெண்ட் வாய்க்கால் வழியாக ஆறு. அந்த ஆற்றில்தான் கீழ் லயத்துப் பெண்கள் துணி துவைக்கிறார்கள். அதற்கும் கீழே சில கம்பங்களுக்கு, அதாவது மலாய்க் கிராமங்களுக்கு, குடிநீர் எடுக்கிறார்கள்.

வாரம் ஒருநாள் அவர் இரண்டு பாட்டில் பிடிக்க வேண்டும். ஒன்று, நிலையத்துக்கு மேலே பலகைப் பாலத்தடியில் ஆற்றுத் தண்ணீர். மற்றது, அவர் சுத்தம் செய்து விடுகிற தண்ணீர். மேல் பாட்டில் தே தாரிக் என்கிற பால் டீ மாதிரி இருக்கும். கீழ் பாட்டிலின் வழியாகச் செய்தித்தாள் படிக்கலாம். இரண்டும் ஐஸ் பெட்டியில் லேப்புக்குப் போகும். அங்கிருந்து வரும் முடிவைப் படித்துப் பார்த்து, ஒரு கோப்பில் போட்டு மூடிவிட்டு, ஆண்டியப்பன் தன்னந்தனியாகப் பெருமைப்பட்டுக்கொள்வார். அந்தப் பெருமையைத்தான் அவர் அன்று கூட்டத்துக்கு எடுத்துப் போயிருக்கக் கூடாது.

கூட்டத்தில் பேச்சு கரகத்தைப் பற்றி. திருவிழாவன்று ஆற்றங்கரையில் கரகம் ஜோடித்து, அம்மனை அழைத்து, அதன் பின்னால் பெண்கள் பால்குடம் தூக்கி ஊர்வலமாகக் கோயிலுக்கு வருவார்கள். முப்பது வருஷமாக அது நிலையத்துக்குக் கீழே ஆறு வளைகிற இடத்தில் நடக்கிறது. நிலையத்து வாய்க்கால் வந்து விழுகிற அந்தக் கரையோரம் தண்ணீர் பளிங்கு மாதிரி ஓடும். ஏன் அப்படி ஓடுகிறது என்று பக்தர்கள் ஆராய்ந்ததில்லை.

பூசாரி முருகையா, "போன வருஷம் தண்ணி ஒரு மாதிரி மருந்து வாடை அடிச்சிச்சு" என்று ஆரம்பித்தார்.

கோயில் தலைவர் தங்கராஜு நாற்காலியில் சாய்ந்தார். கங்காணி வம்சம். இப்போது ஆற்றுக்கு மேல்புறம் காய்கறிக் கெபுன், அதாவது தோட்டம், போட்டு, சொந்த லோரியில் கோசும் தக்காளியும் இறக்குகிறவர். "அந்தக் கோலத்துக்காரனுங்க என்னத்தத் தொறந்து வுடுறானுங்களோ, யாருக்குத் தெரியும்" என்றார்.

அப்போதுதான் ஆண்டியப்பன் எழுந்தார். அந்த வாக்கியத்தைச் சொன்னார். அதோடு உட்கார்ந்திருக்கலாம்.

பூசாரி மெதுவாகக் கேட்டார். "அப்ப கரகத்துக்கு எடுக்குற தண்ணி?"

"அதும்தாங்க."

"அம்மனுக்கு அபிசேகம் பண்ற தண்ணி?"

"அதுவும் நம்ம தண்ணிதான் லா. மொதல்ல என் கை, அதுக்கப்புறந்தான் ஒங்க கை."

மண்டபத்தில் டீ ஆற்றுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. இருபத்தாறு வருஷம் எல்லாருமாகச் சேர்ந்து தெரியாமல் வைத்திருந்த விஷயத்தை, ஒரு மனிதன் எழுந்து நின்று தெரியப்படுத்திவிட்டான். இதைப் பண்பாடு உள்ள எந்தச் சமூகம் மன்னிக்கும்?

டீ ஆறுவதற்குள் தீர்மானம் வந்தது. கரகம் இனிமேல் கோலத்துக்குக் கீழே கிடையாது. "என் கெபுன் ஓரமா ஆறு வருது" என்றார் தங்கராஜு. "நல்லா எடம் சரிபண்ணித் தர்றேன். அங்க இவன் கையும் படாது, இவன் அப்பன் கையும் படாது." இன்னொன்றும் சேர்த்துச் சொன்னார். இந்த வருஷம் ஆண்டியப்பன் வீட்டுக்குக் காப்புக் கட்டு இல்லை, பால்குடம் இல்லை.

முதல் தீர்மானம் ஆண்டியப்பனுக்கு அவமானம். இரண்டாவது ஜெயாவுக்கு இடி.

மூன்று வருஷத்துக்கு முன் மகள் யுவனேஸ்வரிக்கு டெங்கி வந்தது. பதினாறு வயசு. ரத்தத்தில் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போய், டாக்டர் கண்ணைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திய அன்று, ஜெயா ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். பிள்ளையைத் திருப்பிக் கொடு, மூன்று வருஷம் பால்குடம் தூக்கவைக்கிறேன். அம்மன் கொடுத்துவிட்டாள். இரண்டு வருஷம் தூக்கியாயிற்று. மூன்றாவது வருஷத்தை நிறுத்தினால், கொடுத்தவள் எடுத்துக்கொள்வாள் என்பதில் ஜெயாவுக்குச் சந்தேகமே இல்லை. கூட்டம் முடிந்த நாளிலிருந்து, மகள் தும்மினால்கூடக் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஒரு வாய் மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்லங்க" என்று மட்டும் கணவனிடம் சொன்னாள். ஒருமுறைதான் சொன்னாள். அது பேச்சு நின்ற வீட்டில் கடைசியாகக் கேட்ட பேச்சு.

ஆண்டியப்பன் மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தங்கராஜுவின் கெபுனுக்குப் போனார். மன்னிப்புக் கேட்கப் போனவர், இடத்தைப் பார்த்ததும் புத்தி மாறி வேலை ஞாபகம் வந்துவிட்டது. அவர் மேல் பாட்டில் பிடிக்கிற பலகைப் பாலத்துக்குக் கொஞ்சம் மேலே, கரையில் மண் கொட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள். அதிலிருந்து பத்தடி மேலே, கெபுன் ஆட்கள் பன்னிரண்டு பேர் தங்குகிற தகரக் கொங்சி. கொங்சியின் பின்பக்கம் பலகைக் கதவு போட்ட ஜம்பான், அதாவது கக்கூஸ். ஜம்பானிலிருந்து ஒரு நீலக் குழாய், ஒளிவு மறைவில்லாமல், நேராக ஆற்றுக்குள். பக்கத்தில் கோழி எரு மூட்டைகள் மழையில் கரைந்துகொண்டிருந்தன.

"தலைவரே, இங்க ஆள எறக்காதீங்க. ஒங்க ஜம்பான் பைப்பு ஆத்துலதான் வுழுது."

"ஓடுற தண்ணி லா அது. ஓடுற தண்ணிக்குத் தீட்டு கெடையாது."

"என் தண்ணியும் ஓடுற தண்ணிதானுங்களே."

"ஒன் தண்ணி தொட்டியில நின்னு, ஒன் கை பட்டு ஓடுது. இது யார் கையும் படாம ஓடுது. இந்த வித்தியாசம் தெரியாதவனுக்கு எவன்யா யூனிபார்ம் குடுத்தான்?"

"சரிங்க, தீர்த்தம் மட்டும் குடுக்காதீங்க. குடிச்சா ஆளுங்களுக்கு வயித்தால போகும்."

தங்கராஜு கோசு எண்ணுவதை நிறுத்தினார். "சாபம் குடுக்குறியா?"

"சாபம் இல்லீங்க. வயித்துப்போக்கு."

"என் கெபுனுக்கு வந்து, என் ஆத்தக் கொறை சொல்லி, கோயில் காரியத்துக்குச் சாபம் குடுத்துட்டுப் போற. போ. போய் ஒன் பிள்ளைங்களுக்குச் சோறு போடு." பக்கத்தில் இருந்த லோரிக்காரன் இதற்கு நன்றாகச் சிரித்தான்.

காப்புக் கட்டு அன்று புது இடத்தில் பூஜை சிறப்பாக நடந்தது. ஆற்றுத் தண்ணீரில் துளசி, பச்சைக் கற்பூரம், கொஞ்சம் மஞ்சள் போட்டுத் தீர்த்தம் கொடுத்தார்கள். தலைவர் என்பதால் தங்கராஜு இரண்டு முறை வாங்கிக்கொண்டார். தண்ணீருக்கு ஒரு தனி ருசி இருப்பதாகப் பெரியவர்கள் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் காலை ஆண்டியப்பன் வேலைக்குப் போய்க் கம்பித் தடுப்பின் முன் நின்றார். வருகிற தண்ணீரைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூன்றாம் டிவிஷன் லயத்துக் குழாயும் அங்கேதான் வந்து சேர்கிறது. தலைவர், பூசாரி, செயலாளர், பந்தியில் முதலில் உட்காருகிறவர்கள், குழந்தையை ஒளிக்கிறவர்கள் எல்லாரும் அன்று வந்திருந்தார்கள். ஊர் முழுவதும் ஒற்றுமையாக ஆண்டியப்பன் வீட்டுப் படி ஏறியது என்றால், அது அந்த ஒருநாள்தான். வழக்கமாக வருவதைப்போல் மூன்று பங்கு. அவர் மோட்டார் வேகத்தைக் கூட்டினார், மருந்தைக் கூட்டினார், வாரி பிடித்துக் கை காய்த்துப் போக நான்கு நாள் நின்றார். அவர் விட்ட தண்ணீர் கீழே தெளிவாகவே போயிற்று. கீழ்க் கம்பங்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததற்கு யார் வந்து நன்றி சொல்லப் போகிறார்கள்?

மேலே லயத்தில் கமிட்டி கூடியது. நின்றுகொண்டு கூடியது என்றும், அடிக்கடி ஒத்திவைக்கப்பட்டது என்றும் கேள்வி. விசாரணை அறிவுபூர்வமாகவே நடந்தது. வயிற்றால் போகும் என்று முன்கூட்டியே சொன்னவன் யார்? ஆண்டியப்பன். லயத்தில் எல்லார் வீட்டிலும் படுக்க, எந்த வீட்டில் மட்டும் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை? ஆண்டியப்பன் வீட்டில். அவர்களுக்குத் தீர்த்தமே கொடுக்கவில்லை என்பதை யாரோ ஒரு பெண் ஞாபகப்படுத்தப் பார்த்தாள்; அவளைக் குறுக்கே பேசாதே என்றார்கள். ஆகவே இது அவன் வாக்கு பலித்தது. வாக்கை அவனே வந்து எடுக்க வேண்டும்.

முருகையா பூசாரி தூது வந்தார். நாற்காலியை வாசலுக்கு வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டார். ஜெயா டீ கொண்டு வந்தாள். "வேணாம்மா, இப்பத்தான் குடிச்சேன்" என்றார். அவர் ஒரு வாரமாகக் கஞ்சித் தண்ணீர் தவிர ஒன்றும் குடிக்கவில்லை என்பது லயத்துக்கே தெரியும்.

"கமிட்டி எரக்கப்பட்டு ஒண்ணு சொல்லுது" என்றார். "கரகத்தன்னிக்கு ஆண்டி அங்க வரணும். ஆத்துல எறங்கி நிக்கணும். எல்லார் முன்னாலயும் அந்தத் தண்ணிய மூணு வாய் குடிக்கணும். அதோட அவன் வாக்கு செத்துரும். பாப்பாவுக்கு அங்கயே காப்புக் கட்டி, பால்குடம் தூக்க வுட்டுருவோம்."

"காய்ச்சித் தருவீங்களா?" என்று கேட்டார் ஆண்டியப்பன்.

"தீர்த்தத்தக் காய்ச்சுனா அதுக்குப் பேரு சுடுதண்ணி."

"சரி. ஏந்திக் குடிச்சிக்கறேன்."

"ஒன் கை படக் கூடாது லா. அதுதானய்யா பிரச்சனையே. நான் ஊத்துவேன், நீ வாயத் தொறக்கணும்."

பூசாரி போன பிறகு யுவனேஸ்வரி உள்ளே இருந்து வந்தாள். "வேணாம்பா. நான் தூக்கல. அந்தத் தண்ணி எப்படின்னு நீங்கதான எனக்குச் சொன்னீங்க."

"நீ சும்மா இரு" என்றாள் ஜெயா. "மாடிப்படியில ஒக்காந்திருந்தது நீயா, நானா?" பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவரிடம் பேசினாள். "மூணு வாய்தானேங்க."

அந்த வாரத்து மேல் பாட்டில் முடிவு அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. லேப்பிலிருந்து ஒரு பெண் தனியாகப் போன் செய்து, "அங்கிள், இந்தப் பாட்டில்ல கை வச்சா சோப்புப் போட்டுக் கழுவுங்க" என்றும் சொல்லியிருந்தாள். ஆண்டியப்பன் காகிதத்தை எடுக்கவில்லை. ஜெயாவுக்கு எண் படிக்கத் தெரியாது என்பதல்ல. அவள் பயந்த எண் ஆஸ்பத்திரியில், மகளின் ரத்தக் காகிதத்தில் இருந்தது.

கரகத்தன்று மலை மூட்டமாக இருந்தது. மேளக்காரர்கள் விரலை ஊதி ஊதிச் சூடு பண்ணிக்கொண்டார்கள். பெண்கள் மஞ்சள் சேலையில் வரிசை கட்டி நின்றார்கள். வரிசையின் கடைசியில், ஒரு கை இடைவெளி விட்டு, யுவனேஸ்வரி குடத்தோடு நின்றாள். பால் இன்னும் ஊற்றவில்லை. ஜெயா மகளின் முந்தானையைப் பிடித்திருந்தாள்.

ஆண்டியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைக்கு வந்தபோது, பூஜைப் பலகைக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்ததைப் பார்த்தார். கடையில் விற்கிற மினரல் தண்ணீர். பெட்டி பெட்டியாக. செயலாளர் ஒரு பாட்டிலைத் திறந்து தீர்த்தச் செம்பில் கவிழ்த்து, அதன் மேல் துளசியைப் போட்டுக்கொண்டிருந்தார். கரகத்துக்கும் அதுதான், பக்தர்களுக்கும் அதுதான். ஆற்றுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு பித்தளைச் செம்பு காலியாக இருந்தது.

அவர் பெட்டியையே பார்த்தார். தங்கராஜு பக்கத்தில் வந்தார். மூன்று கிலோ இளைத்திருந்தார். தலைமைக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

"என்னா பாக்குற? இன்னிக்குக் கூட்டம் அதிகம். ஆத்துத் தண்ணி பத்தாது."

ஆறு ஓடிக்கொண்டிருந்தது.  ஆண்டியப்பன் செருப்பைக் கழற்றிக் கரையில் ஜோடியாக வைத்துவிட்டு, முழங்கால் வரை இறங்கினார். கெபுனின் கோழி எருவை அவர் மூக்கு முதலில் பிரித்துவிட்டது, அப்புறம் பூச்சி மருந்தை. மேலே கொங்சியில் பலகைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் வாளியால் தண்ணீர் ஊற்றும் சத்தம். நீலக் குழாய் கொடகொடவென்றது.

"சாமி, கொஞ்சம் பொறுங்க" என்றார் ஆண்டியப்பன். "அது தாண்டிப் போயிரட்டும்."

"நல்ல நேரம் போயிரும்" என்று முருகையா குனிந்து செம்பை ஆற்றில் அமிழ்த்தினார். நிமிர்ந்து, செம்பைத் தன் உடம்பிலிருந்து எட்டப் பிடித்துக்கொண்டார். "மகமாயின்னு சொல்லு."

சொன்னார். கரையில் யாரோ, "கைய, கைய" என்றார்கள். ஆண்டியப்பன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மகள் நின்ற பக்கம் பார்க்கவில்லை. தலையை அண்ணாந்து வாயைத் திறந்தார். பூசாரி ஊற்றினார். தொண்டைக் குழி மூன்று முறை ஏறி இறங்கியது.